கார்பன் தாளுக்குள் மடித்த மார்க்

ஏன் இலங்கைக்குப் போகிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் முழங்காலுக்கு எண்ணெய் வைத்தியம் செய்யப் போகிறேன் என்று சொல்லி வைத்தேன். உண்மைக் காரணம் வேறு. என் அண்ணன் முத்தையா எனக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஏன் நிறுத்தினீர்கள் என்று நேரில் கேட்கப் போனேன்.

தொலைபேசியில் பேசாமலில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான் கோல் எடுப்பேன். "சொகமா? அங்க குளிரா? சரிம்மா, வக்கிறேன்." இவ்வளவுதான். பக்கம் பக்கமாக எழுதிய மனிதர் இப்படி ஆனார்.

நான் எண்பதுகளில் கண்டிப் பக்கத்து மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஜெர்மனிக்குப் போனவள். அங்கே வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, சோறூட்டும் வேலை. மாதம் ஒரு கடிதம் எழுதுவேன். அதற்குள் அப்போதைய ஜெர்மன் பணமான மார்க் தாள் ஒன்றிரண்டைக் கார்பன் பேப்பரில் சுற்றி வைப்பேன். கார்பன் சுற்றினால் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் உள்ளே இருப்பது தெரியாது என்று அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் நம்பினோம். என் விரல் நுனி மாதத்தில் ஒருநாள் கறுப்பாக இருக்கும்.

அண்ணன் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிளாக்கர். அவருடைய பதில் எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். "அன்புத் தங்கை ராசாத்திக்கு, இன்று மார்க் இருபத்தெட்டு ரூபாய். இங்கு யாவரும் நலம்." முதலில் மார்க்கின் விலை, பிறகுதான் மனுஷர்களின் நலம். நான் போன காலத்தில் ஒரு மார்க் பத்து ரூபாய்க்குக் கிட்ட இருந்தது. அவர் கடைசியாக எழுதியபோது நாற்பதைத் தாண்டிவிட்டது.

பிறகு மார்க்குக்குப் பதிலாக யூரோ வந்தது. அதே குளிர்காலத்தில் அண்ணி செத்துப்போனார். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கென்று ஒரு நீல நிற நூறு மார்க் தாளை மடித்து அனுப்பினேன். அதுதான் கடைசி. நான் வேலை செய்த முதியோர் இல்லத்தை மூடிவிட்டார்கள். ஒரு வருஷம் என்னால் எதுவும் அனுப்ப முடியவில்லை. அண்ணனின் கடிதமும் நின்றது. பணம் நின்றதும் பாசமும் நின்றுவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு என் கையில் பணம் சேர்ந்தபோதும், வீம்புக்கு, நானும் எழுதவில்லை.

முதல் நாள் கண்டியில் நல்ல மழை. அண்ணன் இப்போது குடியிருக்கும் குண்டசாலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினேன். கொண்டக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில், "அக்கா, இந்த பஸ்ஸையே வாங்கப் போறீங்களா?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்த பாடசாலை டீச்சரம்மா எனக்கும் சேர்த்து டிக்கட் எடுத்துவிட்டு, நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் தென்னக்கும்புரையில் இறங்கிப் போய்விட்டார். ஜெர்மனியில் நாற்பது வருஷம் இருந்தேன். எனக்கு யாரும் டிக்கட் எடுத்ததில்லை. அங்கே பஸ்ஸுக்குள் யாரும் சத்தமாகச் சிரித்ததுமில்லை.

அண்ணன் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. ஆள் பாதியாகியிருந்தார். "வா" என்றார். என் பையை வாங்கப் பார்த்தார், நான் விடவில்லை. "கனமா?" என்றார். "ஆமாண்ணே" என்றேன். அதோடு பேச்சு முடிந்தது.

அவர் மகள் தவமணிதான் என்னைக் கட்டிப்பிடித்தாள். தவமணி நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். இடியப்பமும் சொதியும் பொல் சம்பலும் வைத்தாள். சாப்பிடும்போது ரூபாய் விழுந்த வருஷத்தைப் பற்றிச் சொன்னாள். சமையல் காஸுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை. காலையில் ஒரு விலைக்கு விற்ற பால்மா மாலையில் கடையிலேயே இல்லை. "மத்திய வங்கி வட்டிய ஏத்திருச்சுன்னு நியூஸ்ல சொன்னாங்க அத்தை. நாங்க வாங்குன கடனும் சேர்ந்து ஏறிருச்சு" என்றாள். எங்கள் பக்கமும் அப்போது வட்டியை ஏற்றினார்கள், ஹீட்டர் பில்லைப் பார்த்து நான் வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்தேன் என்றேன். அதைக் கேட்டு அவளுக்கு ஒரே சிரிப்பு.

அண்ணன் அதுவரை தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, "அவுங்க பயந்த சனம். விலைவாசின்னா ஜெர்மன்காரனுக்கு உசுரே போயிரும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நான் எழுதியது. நான் பராமரித்த ஒரு அம்மா, தன் தாய் காலத்தில் கூடை நிறையத் தாளைக் கொண்டுபோய் ஒரு பாண் ரொட்டி வாங்கிய கதையைச் சொல்லிச் சொல்லி அழுவார். அதனால்தான் இவர்கள் மத்திய வங்கியைக் கோயில் மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று அண்ணனுக்கு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தேன். முப்பது வருஷத்துக்கு முந்திய கடிதம் அது. இவ்வளவையும் ஞாபகம் வைத்திருக்கிற மனுஷனுக்கு என்னிடம் பேசுவதற்கு என்ன கேடு என்று எரிச்சலாக வந்தது.

இரண்டாம் நாள் யூரோ மாற்றுவதற்காக நகரத்துக்குப் போனேன். வாவிக்கரையில் அதே மரங்கள், அதே கொக்குகள், கீழே நடப்பவர்கள் மேல் அதே எச்சம். பழைய நகைக்கடைத் தெருவில் காசு மாற்றும் கடை ஒன்று இருந்தது. பாரூக் நானா என்று எல்லாரும் கூப்பிடும் முதலாளி என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். மேசைக் கண்ணாடிக்கு அடியில் வெளிநாட்டுத் தாள்களை வரிசையாக வைத்திருந்தார். நிறையப் பூஜ்ஜியம் போட்ட இத்தாலி லீரா, பிரான்சின் பிராங்க். "இதெல்லாம் மௌத்தாப்போன காசு அக்கா, செத்த காசு. இத்தாலிக்குப் போன ஆக்கள் கொண்டுவந்து, மாத்துற தவணை முடிஞ்சு, கடைசில என்ட மேசைக்கு அழகாப் போச்சு" என்றார்.

நான் கொடுத்த யூரோவைப் பார்த்துவிட்டு எந்த நாடு என்று கேட்டார். ஜெர்மனி என்றேன். குண்டசாலையில் தங்கியிருப்பதாகச் சொன்னதும் எண்ணிய பணத்தை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"நீங்க முத்தையா ஐயாட தங்கச்சியா?"

ஆமாம் என்றேன். உள்ளே பார்த்து இஞ்சிப் பிளேன்டீக்குச் சொன்னார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"அப்ப வாப்பாதான் கடைல. நான் பக்கத்துல நிண்டு தொழில் படிக்கிற காலம். ஐயா சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வருவார். 'மார்க் இண்டைக்கு என்ன ரேட்?' எண்டு கேப்பார். வாப்பா செல்லுவார். சின்னக் கொப்பில குறிச்சிக்கொண்டு போயிருவார். வருஷக்கணக்கா வந்தார் அக்கா, ஒரு நாளாவது ஒரு தாள் மாத்தினதில்ல."

"மாத்தாமலா?" என்றேன். "வேறு கடையில் மாற்றியிருப்பார்."

"இல்ல அக்கா. வாப்பாவும் கேட்டார், 'என்ன ஐயா, ரேட் மட்டும் கேக்கிறீங்க, ஒண்டும் தாறீங்க இல்லயே' எண்டு. 'அது தங்கச்சிட காசு. அவ திரும்பி வந்தா வூடு கட்டணும். ரூபாவா மாத்தி வச்சா உருகிப் போயிரும்' எண்டார்."

பிளேன்டீ வந்தது. நான் குடிக்கவில்லை. பாரூக் நானா சொல்லிக்கொண்டே போனார். யூரோ வந்த வருஷம் அண்ணன் கொஞ்ச நாள் கடைப்பக்கம் வரவில்லை. மனைவி தவறிவிட்டதாகக் கேள்விப்பட்டார்கள். வந்தபோது கையில் ஒரு நீலத் தாள் இருந்தது. அதற்குள் கண்டியில் மார்க் வாங்குவதை எல்லாரும் நிறுத்தியிருந்தார்கள். பத்திரிகையின் ரேட் பட்டியலில் மார்க்கின் வரியையே எடுத்துவிட்டார்கள்.

"வாப்பா ஊர்ல இல்ல. நான்தான் கடைல நிண்டேன். 'ஐயா, இது இனி வெறும் படம்' எண்டு செல்லிட்டேன். வெளையாட்டா செல்லின சொல்லு. ஐயா தாளை மடிச்சி சட்டைப் பைல வச்சிக்கொண்டு போனார். ஜெர்மனில கொண்டு குடுத்தா எடுப்பாங்க எண்டு ஆறு மாசத்துக்குப் பொறகுதான் எனக்குத் தெரியவந்தது. ஐயா இந்தப் பக்கமே வரல்ல. தேடிப்போய்ச் செல்லியிருக்கணும். செல்லல்ல." அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார்.

குண்டசாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழி நெடுக அழுதேன். எனக்காக அழுதேனா, அவருக்காக அழுதேனா என்று தெரியாது. இருபது வருஷம் அந்த மனிதரைப் பணத்தாசை பிடித்தவர் என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அவரோ ஒரு தாளைக்கூடத் தொடாமல், அண்ணியின் வாய்க்கும் தன் வயிற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட நினைத்தேன். அவர் ரேடியோவுக்குப் பக்கத்தில் காதை வைத்துச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்குப் போய்த் தவமணிக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள், "மடுல்கெல்லைக்குப் போயிட்டு வருவோமாண்ணே?" என்றேன். ஆச்சரியமாக, உடனே செருப்பை மாட்டிக்கொண்டார்.

வத்தேகமவில் பஸ் மாறினோம். ஏற்றம் தொடங்கியதும் தேயிலை வந்தது. பச்சையாக இருந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். எனக்கு அட்டைக்கடிதான் ஞாபகம் வந்தது. பன்விலவுக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் பஸ்ஸின் முன்பக்கம் புகையத் தொடங்கியது. ட்ரைவர் நிறுத்திவிட்டு எந்த அவசரமும் இல்லாமல் பீடி பற்றவைத்தார். கொண்டக்டர் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். "அரை மணித்தியாலம் ஆகும், டீ குடிச்சிட்டு வாங்க" என்று சிங்களத்தில் சொன்னார். ஜெர்மனியில் ரயில் நாலு நிமிஷம் பிந்தினால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பார்கள். இங்கே மன்னிப்பு இல்லை, டீ உண்டு.

ரோட்டோரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. இரண்டு பிளேன்டீயும் ரொட்டியும் கட்ட சம்பலும் சொன்னேன். சம்பல் உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தச் சாக்கில் கேட்டுவிட்டேன்.

"நான் அனுப்புன மார்க்க ஏண்ணே மாத்தல?"

அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "யாரு சொன்னா?"

"பாரூக் நானா."

கொண்டக்டர் தண்ணீர் வாளியோடு ஒருமுறை போய் வந்துவிட்டார்.

"எல்லாம் செத்துப்போச்சு ராசாத்தி" என்றார் அண்ணன் கடைசியில். "நீ கெழவங்கெழவி பீ மூத்திரம் அள்ளி அனுப்புன காசு. பூட்டி வச்சுப் பாதுகாக்குறேன்னு நெனச்சேன். நான்தான் அத சாகடிச்சுப்புட்டேன். இதக் கடுதாசில எப்புடி எழுதுறது? எழுதாம வேற என்னத்த எழுதுறது? பேனாவ எடுப்பேன், இன்று மார்க்குன்னு ஆரம்பிப்பேன், அதோட நின்னு போயிரும்."

"பேங்க்ல போயிக் கேட்டிருக்கலாமேண்ணே."

"நம்ம அப்பா போனாரா?" என்றார்.

நான் சின்னவளாக இருந்தபோது, ஐம்பது ரூபாய், நூறு ரூபாய்த் தாள்கள் இனிச் செல்லாது, வங்கியில் ஒப்படைக்க வேண்டும் என்று அரசாங்கம் திடீரென்று அறிவித்தது. அப்பா தகரப் பெட்டியில் மூன்று தாள் வைத்திருந்தார். வங்கிக்குப் போகவில்லை. எங்களுக்கு அப்போது பிரஜாவுரிமை கிடையாது. வங்கியில் பிரஜாவுரிமைத் துண்டு கேட்பார்கள், இல்லை என்றால் இந்தியாவுக்குக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயமே நடுங்கியது. தவணை முடிந்த அன்று அம்மா அந்த மூன்று தாளையும் வெந்நீர் அடுப்பில் போட்டார். காசு செத்தால் செத்ததுதான், யாரிடமும் கேட்கப் போகக்கூடாது என்பது அன்றைக்கு அண்ணன் மனசில் பதிந்திருக்கிறது. ஆபீசில் அத்தனை பேருடைய சம்பளக் கணக்கும் எழுதியவர், தன் சொந்தக் காரியத்துக்கு ஒரு வங்கி வாசலை மிதிக்கவில்லை.

"அண்ணே, இங்க பாருங்க" என்றேன். "மார்க் சாகல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இத்தாலிக்காரன் தவணை போட்டு முடிச்சிட்டான். பிரான்ஸ்காரனும் முடிச்சிட்டான். ஜெர்மன் மத்திய வங்கி அப்புடிச் செய்யல. எத்தன வருஷம் கழிச்சுக் கொண்டு போனாலும் யூரோவா மாத்திக் குடுப்பான். கடைசித் தேதின்னு ஒண்ணு கெடையவே கெடையாது. அங்க இன்னமும் செவருக்குள்ள, மெத்தைக்குள்ள இருந்தெல்லாம் எடுத்துக்கிட்டு வர்றாங்கண்ணே."

"என்னா ரேட்டு?"

பழைய கிளாக்கர் குரல். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அன்னைக்கு நிறுத்துன அதே ரேட்டுத்தான். ரெண்டு மார்க்குக்குக் கிட்டத்தட்ட ஒரு யூரோ. கூடவும் கூடாது, கொறையவும் கொறையாது."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். மறுபடி போட்டார். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அதை ஒரே மடக்கில் குடித்தார். ரூபாய் எத்தனை வரும், வீடு கட்டலாமா என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"அப்ப நான் எழுதியிருக்கலாமே" என்றார்.

பஸ் ஹோர்ன் அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் எழும்பவில்லை. கடைக்காரர்தான், "ஐயா, பஸ் போகப் போகுதுங்க" என்று வந்து தட்டினார். மடுல்கெல்லையில் எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது மரக்கறித் தோட்டம். அதைப் பார்த்துக் கலங்க எங்களுக்கு நேரமில்லை. அண்ணன் பேசத் தொடங்கிவிட்டார். அண்ணியின் கடைசி நாட்கள், தவமணியின் கல்யாணம், தனக்குக் கண்புரை வெட்டியது என்று இருபது வருஷத்தையும் அன்றைக்கே சொல்லி முடித்துவிடப் பார்த்தார். திரும்பும் பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வந்தது. அவர் விடவில்லை.

நான்காம் நாள் அலுமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டில் என் கடிதங்கள் வருஷவாரியாகக் கட்டிக் கிடந்தன. ஒவ்வொரு உறையிலும் கடிதமும், நான் சுற்றிய கார்பன் தாளும், அதற்குள் நான் மடித்த மார்க்கும் அப்படியே இருந்தன. வந்த நாளின் ரேட்டை உறையின் மூலையில் பென்சிலால் எழுதியிருந்தார். நூறு மார்க் தாளில் இருக்கும் பியானோக்கார அம்மாவின் கன்னத்தில் கார்பன் கறுப்பு ஏறியிருந்தது. தவமணிக்கு அப்போதுதான் விஷயம் தெரியும். "நம்ம அம்மா கடைசி வரைக்கும் ஒரு புதுக் குடை வாங்காம, ஓட்டைக் குடையோடவே போயிருச்சேப்பா" என்றாள். அண்ணன் உறைகளை மறுபடி வருஷவாரியாக அடுக்கத் தொடங்கினார்.

ஜெர்மனிக்குத் திரும்பும் நாள் காலையில் அண்ணன் குண்டசாலை பஸ் ஹோல்ட் வரை வந்தார். இந்த முறை பையைத் தூக்க விட்டேன். மார்க் தாள்களை ஒரு மருந்துக்கடை உறையில் போட்டுக் கொடுத்தார். மாற்றியதும் பாதியைத் தவமணிக்கு அனுப்பச் சொன்னார், மீதி உன் வீட்டுக்கு என்றார். நான் இனி எங்கே வீடு கட்டப் போகிறேன்? அதை அவரிடம் சொல்லவில்லை.

"கடுதாசியெல்லாம்?" என்று கேட்டேன்.

"அது என்னோடது" என்றார். "கார்பனும் எனக்கு வேணும்."

"கார்பன் எதுக்குண்ணே?"

"நான் எழுதுறப்ப சுத்த வேணாமா?"

இதை எழுதுகிற இன்றைக்கு அவருடைய முதல் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கையெழுத்து மலையேறி இறங்குகிறது. "அன்புத் தங்கை ராசாத்திக்கு, இங்கு யாவரும் நலம்" என்றுதான் தொடங்கியிருக்கிறார். ரேட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. உள்ளே பழைய கார்பன் தாளுக்குள் நூறு ரூபாய்த் தாள் ஒன்று. அடுத்த முறை பஸ்ஸில் சில்லறை இல்லாமல் முழிக்காதே என்று எழுதியிருந்தார். பிரித்தபோது என் விரல் நுனி கறுப்பாயிற்று.

தவமணியின் பங்கை என் சேமிப்பிலிருந்து எடுத்து அனுப்பிவிட்டேன். மார்க்கை இன்னும் மாற்றவில்லை. மத்திய வங்கிக் கிளை இங்கிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம்தான், ஆனாலும் அவசரமில்லை. மார்க்குக்குக் கடைசித் தேதி கிடையாது. அண்ணனுக்கு வருகிற தை மாதம் எழுபத்தொன்பது. அதனால் அவர் கடிதத்துக்கு அன்றைக்கே உட்கார்ந்து பதில் எழுதிப் போட்டுவிட்டேன்.